தவிடு கொடுத்து வாங்கிய மகள்

என் மகள் என்னை "அம்மா" என்று கூப்பிடாமல் இருப்பது சொன்ன பேச்சைக் கேட்கும் குணமா, இல்லை எனக்குக் கொடுக்கும் தண்டனையா? மூன்று வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம்தான் கேட்கிறேன். அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை. அவளுக்கு இப்போது ஒன்பது வயது.

எல்லாம் வீடியோ கேசட்டில் ஆரம்பித்தது. அப்போதும் நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இதே அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடியில்தான் இருந்தோம். என் கணவர் அரசாங்கக் குமாஸ்தா. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை படித்து, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். பிள்ளை வளர்ப்பு பற்றி ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் வாங்கி, பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டு, பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்தேன். அதில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

கீழே இருந்த வீடியோ கடைக்காரர் சனிக்கிழமை மத்தியானத்துக்கு ஒரு தமிழ்ப் படமும் ஓர் ஆங்கிலப் படமும் கொடுப்பார். அந்த வருடம் ஆங்கிலப் படம் என்றால் பேய்ப் படம். பேய்ப் படம் என்றால் பிள்ளைகள். தங்கத் தலைமுடி, வெள்ளை கவுன், அப்பா அம்மாவை ஒருவர் பின் ஒருவராகத் தீர்த்துக்கட்டும் திறமை.

இந்த விஷயத்தில் நம் படங்கள் எவ்வளவோ தேவலை. நம் படங்களில் பிள்ளைகள் பெற்றோருக்கு எதிராகத் திரும்ப முப்பது வயதாக வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும், மருமகள் வந்து சேர வேண்டும். அதற்கு முன்பு பெற்றவர்களுக்கு ஒரு பாட்டாவது கிடைக்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஐந்து வயதிலேயே முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் படங்களில் வரும் தாய்மார்களைப் பார்த்து நான் நிறையச் சிரித்திருக்கிறேன். வீடு முழுக்கப் படிக்கட்டு. பிள்ளை மேலே நிற்கும், அம்மா கீழே நிற்பாள். இத்தனை நடந்த பிறகும் எதற்கு மேலே ஏறிப் போகிறாள்? அந்தப் பிள்ளைக்கு யாரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, வயிற்றுக்குப் பேதி மருந்து கொடுப்பதில்லை, சனிக்கிழமையானால் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் உட்கார்ந்து உறுமுகிறார்கள். எங்கள் வீட்டில் ஒருவரைத் தள்ளிவிட வேண்டுமென்றால் முதலில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் செருப்பு அலமாரியைத் தாண்டி, மேல்வீட்டுக்காரரின் சைக்கிளை நகர்த்தி, அப்புறம்தான் படிக்கட்டையே பார்க்க முடியும்.

இப்படிச் சிரித்துக்கொண்டே பதினோரு படம் பார்த்தேன். பதினொன்றாவது படம் முடிந்த வாரத்திலிருந்து கத்தரிக்கோலை மேல் தட்டில் வைக்கத் தொடங்கினேன்.

என் மகள் அழாத பிள்ளை. விழுந்தால் எழுந்து, முழங்காலைப் பார்த்து, "ரத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒருவரைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதுவரைக்கும் அது எனக்குப் பெருமை. பாலர் பள்ளியில் வளர்த்த மீன் செத்த அன்று வீட்டுக்கு வந்து, "அம்மா, நீங்க செத்துப்போனா டிவிய நானே ஆன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள். என் புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. இந்த வயதில் இது இயல்பு என்று எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தை நம்பவில்லை. பதினோராவது படத்தை நம்பினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்து விளக்குக் குழாயை மாற்ற என் கணவர் ஸ்டூலில் ஏறினார். பிள்ளையிடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து வயதுப் பிள்ளையை ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னவருக்கு என்ன நேர வேண்டுமோ அது நேர்ந்தது. மணிக்கட்டு முறிந்தது. நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தபோது அவர் தரையில் கிடந்தார். அவள் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய எடுத்தியா?"

"ஆமா."

"ஏன்?"

"பல்லி ஓடுச்சு."

படத்தில் வரும் பிள்ளைகள் பொய் சொல்லும். இவள் உண்மையைச் சொன்னாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கட்டுப் போட்ட கையைப் பார்க்க கிள்ளானிலிருந்து என் நாத்தனார் வந்தார். கணவரின் அக்கா. அங்கே பண்டமாரானில் வீடு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் புருஷன், யார் வீட்டில் என்ன நடந்தாலும் அதற்கொரு பரிகாரம். பிஸ்கட் டின்னை மேசையில் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பா நட்சத்திரம் அப்பனுக்கு ஆவாதுன்னு அப்பவே சொன்னேன்லா. யாரு கேட்டா?"

"அண்ணி, அவரு ஸ்டூல்லேருந்து விழுந்தாரு."

"எல்லாரும் ஸ்டூல்ல ஏறுறாங்க. எல்லாரும் விழறாங்களா?"

நான் படித்தவள். இதற்கு என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும். பிள்ளை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான், "என்ன அண்ணி செய்யணும்?" என்று கேட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியது பிள்ளையைத் தத்துக் கொடுத்து வாங்குவது. ஆகாத நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளையை அம்மன் கோயிலில் விட்டுவிட வேண்டும். அதோடு அது நம் பிள்ளை இல்லை. தோஷமும் நம்முடையது இல்லை. பிறகு யாரோ போல வந்து, ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். விதியை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியும் என்றால் வருமான வரிக்காரரை ஏன் முடியவில்லை என்று என் கணவர் கேட்டார். ஆனால் கட்டுப் போட்ட கையோடு கேட்டதால் அதில் வலு இல்லை.

வழக்கமாக இதைக் கைக்குழந்தைக்குத்தான் செய்வார்கள். அதற்கு ஒன்றும் புரியாது. என் பிள்ளைக்கு நாலாம் வாய்ப்பாடு தெரியும். இது எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். தோன்றியது. தோன்றியும் போனேன்.

தவிடு கிடைக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பன்னிரண்டு வகை அரிசி இருக்கிறது. தவிடு கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். கடைசியில் நாத்தனாரின் புருஷன் பண்டமாரானில் ஒரு சீனத் தீவனக் கடையில் வாங்கி வந்தார். எத்தனை உருப்படி வளர்க்கிறாய் என்று கடை முதலாளி தவுக்கே மலாயில் கேட்டாராம். இவர் "ஒன்று" என்றாராம். "ஒன்றா? அதற்கு ஏன் தவிடு, வீட்டுச் சோறே போதுமே" என்றாராம் தவுக்கே. அன்று அறிவோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

நட்சத்திரம் ஆகாது என்பதால் என் கணவர் கோயிலுக்குள் வரக்கூடாது. வெளியே காரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். உள்ளே நானும் நாத்தனாரும் பூசாரியும். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, அம்மன் சந்நிதி முன்னால் உட்கார வைத்தோம். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து, பிராகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தவிட்டுப் பையோடு வந்து நின்றேன். பேச வேண்டியதையெல்லாம் நாத்தனார் முன்கூட்டியே ஒப்பிக்க வைத்திருந்தார்.

"யாரும்மா நீ?" என்றார் பூசாரி.

"பிள்ளை வாங்க வந்தேங்க."

"இந்தப் பிள்ள யாரு பெத்தது, தெரியுமா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் வழக்கம்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பெத்ததோ. எனக்குத் தெரியாதுங்க."

"சத்தமா சொல்லும்மா. அம்மாளுக்குக் கேக்கணும்."

சத்தமாகச் சொன்னேன்.

பூசாரி தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தார். பொங்கல் நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது காரில் நாத்தனார் கடைசி நிபந்தனையைச் சொன்னார். அடுத்த பிறந்தநாள் வரைக்கும் பிள்ளை எங்களை அப்பா, அம்மா என்று கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் தோஷம் வழி தெரிந்து வந்துவிடும்.

"வேற என்னன்னு கூப்பிடுறது, அத்தை?" என்றாள் மகள். அன்று அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எதாச்சும் கூப்பிடு. அங்கிள், ஆன்டின்னு கூப்பிடேன்லா."

முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. "அங்கிள், பேப்பர் வந்துடுச்சு" என்று அவள் சொல்லும்போது என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். "ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாத" என்று என்னிடம் மட்டும் சொல்லிவைத்தார். இரண்டாவது வாரம் அவள், "ஆன்டி, தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள். அதுவரை அவள் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டதில்லை. பிறகு குளிர்பெட்டியைத் திறக்கக் கேட்டாள். சோபாவில் உட்காரக் கேட்டாள். விளையாட்டுச் சாமான்களை எடுத்த இடத்தில் வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள், "எவ்வளவு அடக்கமான பிள்ளை" என்றார்கள். நான் பதினோரு படம் பார்த்தவள். எந்தப் படத்திலும் பிள்ளை முதலில் அடக்கமாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் காய்ச்சல் என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த தாதி தமிழ்ப் பெண்.

"ஆன்டி, ஊசி போடுவாங்களா?" என்று மகள் கேட்டாள்.

தாதி நிமிர்ந்தாள். "பாப்பாவோட அம்மா வரலையா?"

"நான்தாங்க அம்மா."

தாதி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அவளிடம் கேட்டாள். "இவங்க யாரும்மா?"

"ஆன்டி" என்றாள் மகள். அப்புறம், யாரையும் மாட்டிவிடாத குரலில், "கோயில்ல வாங்குனாங்க" என்றாள்.

அந்தத் தாதி என்னைப் பார்த்ததுபோல எந்தப் படத்திலும் யாரும் பேயைக்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கு நாத்தனார் கேக்கோடு வந்தார். "போச்சு, தோஷமெல்லாம் போச்சு. இனிமே அப்பா, அம்மான்னு கூப்பிடலாம் பாப்பா" என்று அறிவித்தார். மகள் கேக்கை மென்று விழுங்கிவிட்டு, "சரி" என்றாள். ஒரு வாரத்தில் என் கணவர் அப்பா ஆகிவிட்டார். ஆகாத நட்சத்திரம் அவருக்குத்தானே? அவர் திரும்ப அப்பா. நான் அம்மா ஆகவில்லை. ஆன்டி என்பதும் நின்றுபோனது. அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு மட்டும் ஏன் என்று பலநாள் யோசித்தேன். கோயிலுக்குள் இருந்தது நான். சத்தமாகச் சொன்னதும் நான். அவர் காரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

ஏதாவது வேண்டுமென்றால் இப்போதெல்லாம் என் பின்னால் வந்து நிற்கிறாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். தற்செயலாகத் திரும்பினால் சத்தமே இல்லாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். படத்தில் வருவதுபோலவேதான். இரண்டு முறை அலறியிருக்கிறேன். கையில் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் அட்டை இருக்கும். கையெழுத்து வேண்டும். பெற்றோர் கையெழுத்து என்று போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போடும்போது அவள் குனிந்து கவனமாகப் பார்ப்பாள்.

அந்த வீடியோ கடைக்காரர் இன்னும் இருக்கிறார். போன மாதம் வழியில் நிறுத்தினார். "தங்கச்சி, புதுசா ஒண்ணு வந்திருக்கு. இதுல ரெட்டைப் பிள்ளைங்க!"

"வேணாம் அண்ணே."

"ஏன், பயந்துட்டீங்களா?"

"இல்லண்ணே. வீட்டிலேயே ஓடுது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாடி ஏறும்போதுதான் என்ன பேசினேன் என்று உறைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளையைத்தான் பேயாக்கிப் பேசுகிறேன். இத்தனை படத்திலும் பிள்ளை திரும்புவதற்கு முன்னால் பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு படத்திலாவது காட்டினார்களா? காட்டியிருந்தால் நான் முதல் படத்தோடு நிறுத்தியிருப்பேன்.

சென்ற வாரம் என் புத்தகத்தை எடுத்து, கடைசியில் உள்ள அகரவரிசையில் தேடினேன். பெற்ற பிள்ளையை யாரென்று தெரியாது என்று சொன்ன தாய்க்கு அதில் பக்கம் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். அவளை உட்காரவைத்து, "உன் நட்சத்திரம் கெட்டது இல்லை, வாடகைக் கேசட்டைப் பார்த்து உன்னைக் கண்டு நான் பயந்தேன், அதனால் அப்படிச் சொன்னேன்" என்று சொல்லட்டுமா? பெற்ற தாய் தன்னைப் பார்த்துப் பயந்தாள் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை தாங்குமா? அல்லது ஒன்றும் சொல்லாமல், அவளாகக் கூப்பிடும் நாளுக்காகப் பாத்திரம் கழுவிக்கொண்டே காத்திருக்கட்டுமா? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்து, அது சரியாகியும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பரிகாரம் மட்டும் வேண்டாம். அது நாத்தனாரிடம் இன்னொன்று தயாராக இருக்கிறது.