பெடலில் பாதி

"கொஞ்சம் தள்ளிப் படுடா" என்று மிஷினுக்கு அடியில் குனிந்து சொல்லிவிட்டுத்தான் டெய்லர் தைக்கத் தொடங்குவார். மிதிப்பது வலது கால் மட்டும். இடது கால், ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் ஏறி உட்கார்ந்திருக்கும். பெடலின் மற்ற பாதியில் அவருடைய நாய் தாடையை வைத்துத் தூங்கும். பெடல் ஏறி இறங்க, தாடையும் ஏறி இறங்கும். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

"ஒத்தைக் காலால மிதிச்சு என் பேன்ட்டை என்னைக்குய்யா குடுப்பே?" என்பார் எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர்.

"பாதி பெடலை வாடகைக்கு விட்டுட்டேன்யா. வாடகைதான் வர்றதில்ல."

நாயின் பெயர் பட்டன். குட்டியாக வந்த அன்றே யாருடைய கோட்டுப் பட்டனையோ விழுங்கிவிட்டது. மூன்றாம் நாள் அது வெளியே வந்ததும், கழுவி, அதே கோட்டில் தைத்துக் கொடுத்துவிட்டார். "அந்தக் கோட்டுக்காரர் இன்னும் நல்லாத்தான் இருக்கார்" என்பார்.

அளவெடுக்கும்போது உண்மையை அதனிடம்தான் சொல்வார். "பட்டன், மாடி வீட்டு டீச்சரம்மாவுக்கு இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கு. வெளிய சொல்லிடாத." அந்த டீச்சர் நான்தான். மாலையில் பட்டனுக்கு பிஸ்கட் கொண்டுபோவதும் நான்தான்.

நேற்றுக் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், என் கணவரின் சட்டையோடு படியிறங்கினேன். டெய்லர் கடை நடுவில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் உட்கார்ந்தே பார்த்த மனிதர். இவ்வளவு உயரம் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

"அண்ணே, பட்டன் போயிடுச்சு" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. "உங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"யார் சொல்லணும்? இங்க பாருங்க, மேலேர்ந்து ரெண்டாவது."

அவர் சட்டையைப் பார்க்கவில்லை. "நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே. ஷட்டரைத் தூக்கினேன். எப்பவும் போல அதுதான் முதல்ல வெளிய ஓடுச்சு. வேன்காரன் பின்னால பார்க்காம ரிவர்ஸ் எடுத்துட்டான். ஒரு சத்தம்கூடப் போடலம்மா."

அப்போதுதான் வெட்டுமேசைக்கு அடியில் பார்த்தேன். லைனிங் துணியில் அழகாகச் சுற்றி வைத்திருந்தார். ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. சட்டையை நீட்டிய என் கை நீட்டியபடியே நின்றது.

"அய்யோ... நான் அதைச் சொல்லலைண்ணே."

"தெரியுதும்மா. குடுங்க. ஸ்கூலுக்கு நேரமாகுதுல்ல, ரெண்டு நிமிஷ வேலை."

ஊசியில் நூல் கோத்தார். நாலு தடவை ஊசி போய் வந்தால் போதும். அவர் நிறுத்தவில்லை. நூல் தீர்ந்தது, மறுபடி கோத்தார்.

கையால் தைக்கும் வேலைக்குப் பெடலே தேவையில்லை. ஆனாலும் ஸ்டூலில் உட்காரும்போதே அவருடைய இடது கால் மெல்ல எழும்பி, குறுக்குக் கட்டையில் ஏறியிருந்தது.