ஆள் போதாத இரண்டு ஊர்கள்

வானமும் கோதுமையும் தவிர வேறொன்றும் விளையாத இந்தக் கனடிய ஊரின் எல்லையில் ஒரு பலகை நிற்கிறது. ஊரின் பெயருக்குக் கீழே சனத்தொகையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பிறந்த பக்கத்தில் இத்தனை பேர் இருக்கிறோம் என்று வாசலில் எழுதி வைக்க எவருக்கும் துணிவு வராது, கண்ணூறு பட்டுவிடும். நான் உழவு இயந்திரம் திருத்த வந்து ஒரு வருடமாகியும் அந்த எண் மாறவில்லை. மனைவி, மூன்று பிள்ளைகள், நான் என்று ஐந்து பேர் வந்திறங்கியதைப் பலகை கவனிக்கவில்லை. ஊரும் அப்படித்தான். கடை வாசலில் நாயைப் பெயர் சொல்லி விசாரிப்பவர்கள் என்னைக் கண்டதும் வானத்தைப் பார்ப்பார்கள்.

போன மாதம், கிராமசபைக் கந்தோரில் வேலை செய்யும் டொரத்தி ஆப்பிள் பணியாரத்தோடு வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் போதாமல் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடப் போகிறார்களாம். பக்கத்து நகரத்துப் பள்ளிக்குப் பஸ் ஏறும் என் பிள்ளைகள் மூன்றும் இங்கே சேர்ந்தால் தப்புமாம். படிவத்தை விரித்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ஆறு" என்றேன்.

"ஆறாவது யார்?"

"மாமியார்."

"எங்கே அவர்?"

"சாம்பல்தீவில்."

"எப்போது வருவார்?"

"வரமாட்டார்."

கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில் குடியேறும் பக்கத்தில் பிறந்தவன் நான். கனடா வரும்வரை சாம்பல்தீவில் மாமியார் வீட்டில்தான் இருந்தேன்; அவரை விட்டுவிட்டு வீட்டை எண்ண எனக்குத் தெரியாது. டொரத்தி மிகுந்த பொறுமையோடு ஆறை ஐந்தாக்கினாள். போகும்போது, "நீங்களும் எங்கள் ஊர்க்காரர்தானே" என்றாள். அந்த வசனம் எனக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில் அதைச் சொன்னவனே நான்தான்.

கிளிவெட்டிக்கு அப்பால் எங்கள் ஊர். மூன்று பக்கம் வயல், நாலாம் பக்கம் வாய்க்கால். மாரியில் நாலு பக்கமும் தண்ணீர். ஊருக்குள் எவனைத் தொட்டாலும் இன்னொருவனுக்கு மச்சான். வாய்க்காலுக்கு அக்கரையில், தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த சில குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அவர்கள் எங்கள் வயலில் களை பிடுங்கலாம், எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது. ஊர் எதுவரைக்கும் என்று யாரும் கேட்டால் வாய்க்காலோடு முடித்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புத் திறக்க ஏழு பிள்ளைகள் குறைந்த அன்றுதான் எங்கள் ஊர் வாய்க்காலைத் தாண்டியது. ஊர் அதிகாரியாகப் பெயர் எழுதும் விதானையாரும், அப்போது கலியாணமாகாத நானும் ஒரு வாழைப்பழச் சீப்போடு அக்கரைக்குப் போனோம். முதல் குடிசை மருதாயியுடையது.

"மருதாயி, நீங்களும் எங்கட ஊர் ஆக்கள்தானே" என்றேன்.

"அப்படிங்களா? நேத்து வரைக்கும் யாரும் சொல்லலீங்களே" என்றாள் அவள்.

விதானையார் சிரித்தார். "கதையை விடு பிள்ளை, பேரைச் சொல்லு."

"சொல்றேங்க. எழுதிக்கிட்டா கிணத்துல அள்ளிக்கலாம்ல?"

"ஓம், ஓம், அதைப் பிறகு பாப்பம்" என்றேன் நான்.

ஆறாம் வகுப்புத் திறந்தது. மருதாயியின் பிள்ளைகளுக்குக் கடைசி வாங்கில் உட்கார இடம் கிடைத்தது. கிணற்றைப் பிறகு பார்க்க எனக்கு நேரம் வரவில்லை. கலியாணம் வந்தது, பிறகு கனடா வந்தது.

டொரத்தியின் படிவத்தில் நான் கையெழுத்து வைத்த கிழமையே அம்மாவின் கடிதம் கிடைத்தது. "வாக்காளர் இடாப்பு எழுத விதானையார் வந்தவர். நீ கட்டிப் போனாலும் இந்த வீட்டுப் பிள்ளைதானே, உன்ர பேரைக் குடுத்திட்டன். மருதாயி ஆக்களை எழுதேல்லை. அவை இந்த நாட்டுப் பிரசை இல்லையாம். பள்ளிக்கூடம் நல்லாய் நடக்குது."

பணியாரம் தின்ற வாய் கசந்தது. அன்றைக்கே பதில் எழுதினேன்: என் பெயரை வெட்டச் சொல்லுங்கள் அம்மா, மருதாயியைக் கிணற்றில் அள்ள விடுங்கள், அது நான் கொடுத்த வாக்கு.

அம்மாவின் பதில் நேற்று வந்தது. "உன்ர பேரை வெட்ட ஏலாது, அது ஊர் இடாப்பில இருக்கட்டும். கிணத்துக் கதையை மட்டும் நீ அங்கையிருந்து கதையாதை. நீ இப்ப ஊராள் இல்லை."