‘அப்புறம்’ என்ற ஃபோல்டர்

டச்சப் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் படம் எடுத்து அனுப்புவார், இவள் வீட்டில் உட்கார்ந்து திருத்துவாள். பருவை நீக்குவாள், மூடிய கண்ணைத் திறப்பாள், முன்வழுக்கையில் கேட்டவருக்கு நாலு முடி, கேட்காதவருக்கும் இரண்டு முடி நட்டு அனுப்புவாள். இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. ஊரில் பாதிப் பேர் சுவரில் தொங்குவது இவள் கொடுத்த முகத்தோடுதான்.

நாய்க்கும் இருட்டுக்கும் அஞ்சாதவள், ஒன்பது வயதான ஒரு லேப்டாப்புக்கு அஞ்சினாள். அதற்குக் கீல் உடைந்துவிட்டதால் முதுகைச் சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். படம் திருத்தும் மென்பொருளைத் திறக்கச் சொல்லிவிட்டு உலை வைத்தால், சோறு முதலில் வெந்துவிடும். பெரிய படம் ஏதாவது வந்து திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால் அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது. புருஷன் இருமினால்கூட ஒரு முறைப்பு விழும். போன வாரம் ஒரே மதியத்தில் மூன்று முறை மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. சேமிக்காத வேலையெல்லாம் போயிற்று. இந்தச் சனியன் ஒருநாள் கண்ணை மூடிவிட்டால் என் கதி என்ன என்ற பயம் அன்றிலிருந்து அவளை விடவில்லை.

அதனால்தான் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவன். வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்றைக்குப் பார்த்து அக்கா புருஷனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தம்பி திருகாணிகளைக் கழற்றி, விசிறியில் ஒரு பிடி தூசியை எடுத்தான். அழையா விருந்தாளி மாதிரி தானாகக் கிளம்பும் புரோகிராம்களை நிறுத்தினான். செய்த திருத்தத்தை ரத்து செய்து பின்னோக்கிப் போக மென்பொருள் நினைவு வைத்திருக்கும் படிகளைக் குறைத்து, நினைவகத்தில் அதன் பங்கைக் கூட்டினான். கடைசியாக ஒன்று பாக்கி. படத்தைத் திருத்தும்போது அந்த மென்பொருள் தற்காலிகமாகக் கிறுக்கிப் பார்ப்பதற்கு ஹார்ட் டிஸ்க் என்ற வட்டில் காலி இடம் வேண்டும். அக்காவின் வட்டில் எள் போட்டால் எள் விழாது. போன் செய்தான்.

“எதைக்கா தூக்கட்டும்?”

“டவுன்லோட்ல இருக்கறது பூரா தூக்கு. போன வருஷம் முடிஞ்சதையும் தூக்கு. அப்புறம்…”

அப்புறம் என்னவென்று அவளுக்கே தெரியாது, யோசிப்பதற்காக இழுத்தாள். அதற்குள் நர்ஸ் இவர்கள் எண்ணைக் கூப்பிட, கண்ணில் மருந்து விட்டிருந்த புருஷன் எழுந்து சுவரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அக்கா போனைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

அக்கா ஃபோல்டர்களுக்கு வைக்கும் பெயர் தம்பிக்குத் தெரிந்த கதைதான். ‘அவசரம்’ என்று ஒன்று. ‘மூக்கு பாக்கி’ என்று ஒன்று. ‘திட்டு வாங்கினது’ என்று ஒன்று. அவற்றுக்கு நடுவே ‘அப்புறம்’ என்றும் ஒன்று, முப்பத்தெட்டு ஜிபி கனத்தில் உட்கார்ந்திருந்தது. அரைக் கண் மூடியவை, குறுக்கே யாரோ வந்துவிட்டவை என்று, தூக்கிப் போட மனம் வராத படங்களையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதில்தான் போட்டு வைப்பாள். தம்பிக்கு அது தெரியாது. அக்கா வரிசையாகச் சொன்னாள், அவன் வரிசையாகத் தூக்கினான். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை மென்பொருள் கண் மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது. அக்காவுக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது; பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக் குழுப் படத்தில் அறுபது முகங்களை மதியத்துக்குள் முடித்தாள். நாலு நாள் வேலை அது.

பன்னிரண்டரைக்கு ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். இரண்டு மாதம் முன்பு மருந்துக் கடை திறந்த பெண் நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவளுடைய அப்பா செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டமாம். கேமராவைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்கிற மனிதர். வீட்டில் ஒரு படத்திலும் சிரித்ததில்லை.

“கடை திறந்த அன்னைக்கு நாற்காலியத் தூக்கிட்டு ஒரு தடவை வாய்விட்டுச் சிரிச்சாரு. நான் எடுத்தேன். அது ஒண்ணு போதும்னு அந்தப் பொண்ணு அழுவுது. உங்ககிட்ட இருக்குல்ல?”

“இருக்குண்ணே. நாளைக்குக் காலையில கொண்டு வர்றேன்.”

படம் அவள் கண்ணிலேயே இருந்தது. தண்ணீர் பாட்டிலோடு யாருடைய முழங்கையோ அவர் மார்புக்குக் குறுக்கே வந்திருந்தது. முழங்கையை எடுக்கலாம் என்று ‘அப்புறம்’ ஃபோல்டரில் போட்டிருந்தாள். ஸ்டுடியோக்காரர் கேமரா அட்டையை அழித்து அதன் பிறகு பத்து விசேஷம் எடுத்தாயிற்று. உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிரதிதான்.

தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. தம்பிக்குப் போன் செய்து, “அப்புறம் எங்கடா?” என்றாள்.

“அப்புறம் என்னக்கா, நல்லா ஓடுதா?”

“அப்புறம்னு ஒரு ஃபோல்டர்டா.”

“நீதானக்கா தூக்கச் சொன்ன,” என்றான். உடனே குரல் மாறியது. “அதுல காலையிலேர்ந்து வேலை பாத்தியா?”

“பாத்துட்டேதான் இருக்கேன்.”

“ஆஃப் பண்ணு. எதையும் மூடாத, சேவ் பண்ணாத. பட்டனை அழுத்திப் பிடி.”

அழித்தது உடனே போய்விடாது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை வட்டிலேயே கிடக்கும் என்று அவன் விளக்கினான். காலி செய்த அந்த இடத்தைத்தான் மென்பொருளுக்குக் கிறுக்கக் கொடுத்திருந்தான். காலையிலிருந்து தான் சிரித்துச் சிரித்துச் செய்த வேலையெல்லாம் அந்த மனிதர் முகத்தின்மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தம்பி கடையில் சொல்லிக்கொண்டு ஓடிவந்து, வட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்த தன் கணினியில் இணைத்தான். மீட்கும் மென்பொருள் நத்தை மாதிரி சதவீதம் காட்டியது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று புருஷன் கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்லவும் பயமாக இருந்தது. பெயரெல்லாம் அழிந்து வெறும் எண்களாக நாலாயிரம் படங்கள் வந்தன. பாதி திறக்கவே இல்லை. மூன்று மணிக்கு அவரைக் கண்டுபிடித்தாள். சிரிப்பில் சுருங்கிய கண்கள் இருந்தன, ஏறிய புருவம் இருந்தது, மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே படம் முழுக்கச் சாம்பல் நிறம்.

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடு என்றான். சொன்னால் ஸ்டுடியோக்காரர் திட்டுவார், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று அக்கா நினைத்தாள். உன் அப்பாவின் சிரிப்பை அழித்தது நான்தான் என்று அந்தப் பெண் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அந்த ஒரு பயத்தில்தான் அக்கா அதைச் செய்தாள். மீண்டு வந்தவற்றில் அவர் வாயைத் தேடினாள்; எல்லாவற்றிலும் இறுக்கிய உதடு. அப்போது கல்லாவில் நின்று மகள் சிரிக்கும் படம் ஒன்று, அதே பக்கம் திரும்பியபடி, கண்ணில் பட்டது. அந்த வாயை வெட்டி எடுத்து அப்பாவுக்கு வைத்தாள். உதட்டின் நிறத்தைக் குறைத்தாள், ஓரத்தில் சுருக்கம் போட்டாள், மோவாயில் நரைத்த முள்தாடி இழுத்தாள். வேறொரு படத்திலிருந்து சட்டையையும் தோளையும் கொண்டுவந்தாள். ஒட்டாமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அங்கேயே பிறந்தது போல அது ஒட்டிக்கொண்டது, அவளுக்கு ரோமம் சிலிர்த்தது.

சனிக்கிழமை காலை அக்காவே படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக்கொண்டே போனாள். அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பிக்க வேண்டும். மருந்துக் கடைப் பெண் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் ஸ்டுடியோக்காரர் உறையை வாங்கிப் பிரித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றே அக்கா நினைத்தாள். அந்தப் பெண் விரலால் படத்தின் வாயைத் தொட்டாள். பிறகு தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கு அப்பா சிரிப்புன்னு எல்லாரும் சொல்லுவாங்க,” என்றாள். “எனக்கு அப்படித் தோணினதே இல்லக்கா. இன்னைக்குத்தான் பாக்கறேன். இது போதும் எனக்கு.”

டச்சப் அக்கா, “ஆமாம்மா,” என்றாள். கூட்டி வைத்திருந்த வார்த்தைகளை அதோடு விழுங்கினாள். அவை இன்னும் கீழே இறங்கவில்லை. மருந்து வாங்கக்கூட அவள் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை.