சமயநல்லூர் சந்திரா

ஒச்சம்மாள் மேடை ஏறியது பதினாறு வயதில், ஆடுவதற்கு மட்டும். நாடகம் தொடங்குமுன் கோமாளி வேஷம் கட்டும் பபூனோடு வம்பு பேசி, நாலு பாட்டுக்கு ஆடி, கூட்டத்தை உட்காரவைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். நோட்டீசின் கடைசி வரியில் அவளுடைய மேடைப் பெயரை, ‘சமயநல்லூர் சந்திரா’ என்று போட்டிருப்பார்கள். கதாநாயகியாக நடிப்பவரை ஸ்திரீபார்ட் என்று மரியாதையாகச் சொல்லும் வாய், இவளை டான்ஸ்காரி என்று சொல்லும். எழுத்து தெரியாது. ஆனாலும் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக் கேட்டே ராணி வேஷத்தின் பாட்டும் வசனமும் அவளுக்கு மனப்பாடம்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கோயில் பொங்கலில் ஸ்திரீபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஆர்மோனியக்காரர் சுலைமான்தான் இவளைக் கூப்பிட்டார்.

“நீ போய் நில்லு தங்கச்சி. சுதியை ஒனக்குத் தக்கன எறக்கிக்கிறேன்.”

நின்றாள். பிள்ளையைப் பறிகொடுத்த ராணி புலம்பும் கட்டத்தில் வசனம் மறந்துபோனது. முந்தின வருஷம் செத்துப்போன தங்கச்சிக்கு அம்மா வைத்த ஒப்பாரிதான் வாயில் வந்தது, அதையே பாடினாள். சுலைமான் ஒரு கணம் திகைத்து, பிறகு விரல்களைக் கூடவே ஓடவிட்டார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம், முழங்கால் மக்கர் பண்ணும் வரைக்கும், அவள் பெயர் நோட்டீசின் முதல் வரியில் இருந்தது.

அவளைக் கட்டிய மலையாண்டி மில் தொழிலாளி. நாடகம் பார்த்து ஆசைப்பட்டுப் பெண் கேட்டவர். போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. மகள் கனகலட்சுமிக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுதான் தொல்லை வந்தது. நாடகக்காரி மகள் என்று தெரிந்து இரண்டு சம்பந்தம் திரும்பிப்போனது. மகள் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை ஒச்சம்மாள் வெளியே நின்று கேட்டாள். மறுவாரமே பெட்டியில் வைத்திருந்த சலங்கையைச் சுலைமானிடம் கொடுத்து, ஆடுகிற பெண் யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு மதுரைக்குள் குடிபோனாள். மூன்றாவதாக வந்த முத்துப்பாண்டி வீட்டாரிடம் நாடகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஓடிவிட்டது. மலையாண்டி போன பிறகு மகள் வீட்டில்தான் இருக்கிறாள். அடுப்படியில் தனியாக நிற்கும்போதுகூட ஒரு பாட்டு முணுமுணுத்ததில்லை.

போன தை மாதம் மருமகன் முத்துப்பாண்டி கப்பலூரில் சொந்தமாக லேத் பட்டறை திறந்தார். விழாவுக்கு வந்திருந்த பக்கத்துப் பட்டறைக்காரரின் தகப்பனார் விருமாண்டி, வாடிப்பட்டிக்காரர், வந்ததிலிருந்து ஒச்சம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து கும்பிட்டார்.

“நீங்க சந்திராதான? எங்கூர்ல ராணி வேசத்துல ஒப்பாரி வச்சீக. அப்ப எங்க ஆத்தா செத்து ஒரு மாசம். எழவு வீட்டுல அழுகாத எங்கய்யா, அன்னைக்கு அம்புட்டு சனத்துக்கு நடுவுல அழுதாரு.”

ஒச்சம்மாள் பக்கவாட்டில் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா. ஆள் மாறிப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டாள். கிழவர் முகம் வாடித் திரும்பினார்.

காபி கொடுத்துக்கொண்டிருந்த கனகலட்சுமி தட்டோடு நின்றாள்.

“இல்லைங்கய்யா, எங்கம்மாதான். எனக்காகத்தான் இத்தனை வருசமா வாயத் தொறக்கல.”

சம்பந்தியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். முத்துப்பாண்டி காலியான அந்த நாற்காலியை விருமாண்டிக்கு இழுத்துப் போட்டார். கிழவர் கூத்துக்கு வண்டி கட்டி வந்த சனத்தையும், பபூன் அடித்த லூட்டியையும், சுலைமானையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். சுலைமான் அண்ணன் தவறிப் பத்து வருஷம் என்றாள் ஒச்சம்மாள். பேசப் பேசக் குனிந்திருந்த அவள் முதுகு நிமிர்ந்தது.

வீட்டுக்குத் திரும்பும் காரில் சம்பந்தியம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கனகலட்சுமிதான் பேச்செடுத்தாள்.

“ராணி வேசத்துக்கு என்ன கலர் சேலைம்மா கட்டுவ?”

“மாம்பழ மஞ்சள். சரிகை பூராம் பொய்ச் சரிகை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல யாருக்குத் தெரியப்போகுது?”

சொல்லிவிட்டு ஒச்சம்மாளே முதலில் சிரித்தாள்.