ஆட்டுக் கொட்டகை என்று சொன்னது நான்தான்

போன திங்கட்கிழமை பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வராந்தாவில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த பெரிய வரைபடம் ஒன்றில் எங்கள் தெருவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பகுதிக்கு மாஸ்டர் பிளான் வரப்போகிறது. எங்கே வீடு கட்டலாம், எங்கே கம்பெனி வரலாம், எது வயலாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் படம் அது. மஞ்சள் என்றால் குடியிருப்பு. ஊதா தொழில். பச்சை விவசாயம். ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று கீழே ஒரு வரி.

ஆரல்வாய்மொழிப் பக்கம், ஒரு குளத்துக் கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. முப்பது வீடு தேறும். படத்தில் குளம் இருந்தது. கரை இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் சுற்றுகிற காற்றாலைகள்கூட ஒவ்வொன்றும் தனித்தனி நம்பரோடு இருந்தன. தெருவை மட்டும் காணோம். அந்த இடம் முழுக்கப் பளிச்சென்று பச்சை. நடுவே குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஓரத்துக் குறிப்பில் அதற்கு விளக்கம் இருந்தது: 'கால்நடைக் கொட்டகைகள்.'

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால்... அப்படிச் சொன்னது நான்தான்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. கையில் நோட்டுப் புத்தகத்தோடு யாராவது வந்தால் போதும், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். அடுப்பு அணையும். கொடியில் காயும் துணி உள்ளே போகும். வயசானவர்கள் உள்ளேயே இருக்க, கதவு சாத்தப்படும். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள். இருப்பது புறம்போக்கு. அப்பா காலத்தில் இரண்டு தடவை இப்படி நோட்டோடு வந்தவர்கள் பெயர் எழுதிப்போன பிறகுதான் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு வேறு கரைக்குப் போக வேண்டிவந்தது. அதிலிருந்து வந்த பழக்கம்.

ஒன்றரை வருடம் முன்பு இரண்டு பையன்கள் கையில் டேப்லெட்டோடு வந்தார்கள். டேப்லெட்டும் எங்களுக்கு நோட்டுதான். தெரு காலியாகிவிட்டது. வந்தவர்களிடம் பேச ஒரு ஆள் வேண்டுமே? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். நாகர்கோவிலில் வாத்தியார் வேலை. லீவுக்கு வந்திருந்தவனைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"இங்க யார் இருக்காங்க சார்?" என்றான் ஒருவன்.

"யாரும் இல்ல. எல்லாம் ஆட்டுக் கொட்டகை" என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா? வகுப்பில்கூட அப்படிச் சொன்னதில்லை. அவன் உடனே டைப் செய்துகொண்டான்.

எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தெருவிளக்குக்கு, தண்ணீர்க் குழாய்க்கு. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அரசாங்கம் நான் சொன்னதைக் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டது இந்த ஒரே ஒரு பொய்யைத்தான்.

பச்சைதானே, அழகாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. தங்கம் சித்தி இருக்கிறாள். அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். போன ஆடிக் காற்றில் அவள் வீட்டுத் தகரக் கூரை, மேலே வைத்திருந்த கல்லையும் டயரையும் உதறிவிட்டுக் குளத்தில் போய் விழுந்தது. அரசாங்கத் திட்டத்தில் ஒரு கான்கிரீட் வீட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறாள். பட்டா வேண்டும் என்கிறார்கள். இடம் விவசாய பூமி என்று படத்தில் உறுதியாகிவிட்டால் பட்டா பேச்சும் முடிந்தது, வீட்டுப் பேச்சும் முடிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தெருவிலேயே இருக்கும் ஜெப வீட்டில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். என் பொய்யையும் சேர்த்துத்தான்.

கொத்தனார் ஏசுதாஸ் மாமா மெதுவாகக் கேட்டார். "ஏலே, ஜெப வீட்டயுமா ஆட்டுக் கொட்டகைன்னு சொன்ன?"

"எல்லாத்தையும்தான் மாமா."

"கொள்ளாம், நல்லாத்தான் சொல்லியிருக்க. ஆண்டவரு பொறந்ததும் தொழுவத்துலதான. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மாமா முகம் மாறிவிட்டது.

"இப்ப நீ எழுதிக் குடுக்கச் சொல்லுகது என்னா? நாங்க புறம்போக்குல இருக்கோம்னு நாங்களே பேரு போட்டுக் குடுக்கணும். அப்படித்தான? அந்தத் தாள வச்சே நாளைக்கு ஜேசிபி அனுப்பினா?"

அவர் கேட்டது நியாயம். இல்லை என்று சொன்னதால்தான் இத்தனை வருடம் இருக்க முடிந்தது. இருக்கிறோம் என்று சொன்னால் இருக்க முடியுமா?

தங்கம் சித்தி என்னைப் பார்த்தாள். "மக்கா, ஒன் ஆதார் கார்டுல எந்த ஊரு போட்டிருக்கு?"

நாகர்கோவில். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் தொடங்கி எல்லாவற்றிலும் நாகர்கோவில் அத்தை வீட்டு விலாசம்தான். வேலைக்கு மனுப் போடும்போது குளத்துக் கரை என்று எழுதக் கூச்சம். சொன்னேன்.

"அப்ப ஒனக்குப் பயம் இல்ல. எங்களுக்குத்தான்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் தெருவிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். சித்தியோடு மாமாவும் நின்றார்.

மேஜைக்குப் பின்னால் இருந்தது ஒரு இளம்பெண் அதிகாரி. நடந்ததை முழுக்கச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சர்வேக்கு வர்றவங்ககிட்ட இப்படிச் சொன்னா நாங்க என்ன சார் பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு சித்தி பக்கம் திரும்பினார். "நீங்க இருக்கீங்கன்னு எழுதிக் குடுத்தா, குடியிருப்பா மாத்தச் சொல்லி நான் எழுதுவேன். பட்டா குடுக்கிறது வேற ஆபீஸ். அங்க என்ன ஆகும்னு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா."

உள்ளதைச் சொன்னார். அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது போதுமா?

திட்டம் போடுகிறவர்கள் இப்போதெல்லாம் 'மக்களிடம் கேட்டுச் செய்கிறோம்' என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒளிந்தே பிழைத்த மக்களிடம் கேட்டால் என்ன பதில் வரும்? அளக்க டேப் இருக்கிறது. மேலிருந்து படம் எடுக்க டிரோன் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சைப் பிடித்தபடி இருப்பவரை அந்த டிரோன் எப்படிப் பார்க்கும்? நிலத்தை அளப்பதற்கு முன்னால் அந்தப் பயத்தைப் போக்க யாராவது ஒரு வருடம் வந்து போயிருக்க வேண்டும். அந்த வேலைக்கு எந்தத் திட்டத்திலும் ஆள் போடுவதில்லை.

சித்தி ஒரு படிவத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள். அதில் ஒரு கட்டம். 'இந்த நிலத்தில் தங்களுக்குள்ள தொடர்பு.' உரிமையாளர் என்று எழுத முடியாது. குத்தகை இல்லை. பேனாவோடு விழித்தேன்.

"என்னா கேக்காவ?" என்றாள் சித்தி. சொன்னேன்.

"மூணு பிள்ளையளப் பெத்தது இங்க. ஒண்ணச் சாகக் குடுத்ததும் இங்க. அப்படி எழுது."

"சித்தி, அந்தக் கட்டத்துல அவ்வளவு இடம் இல்ல."

"அப்ப சின்னதா எழுது."

எழுதினேன். கையெழுத்துப் போட்டாள். அடுத்து மாமா ஒரு தாளை இழுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் மற்ற ஆறு பேர். கடைசியாக நான். விலாசம் என்ற இடத்தில் முதல் தடவையாகக் குளத்துக் கரை என்று எழுதினேன்.

அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "குளத்துக் கரைன்னா எந்தக் கரை? படத்துல குறிக்கணும். தெருவுக்குப் பேர் என்ன?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேரா? யாரும் வைத்ததில்லை.

"சீயோன் தெருன்னு போடுங்க மேடம்" என்றார் மாமா.

"என்னாது?" என்று சித்தி திரும்பினாள். "நாலு வீட்டுக்காரங்க அம்மன் கோயிலுக்குப் போறாவ. அவியகிட்டக் கேட்டீரா? கிழக்குக் கரைத் தெருன்னு போடுங்கம்மா."

"அது எப்படிக் கிழக்கு? நான் பாத்தா தெற்கு."

"ஒமக்கு எப்பம் திசை தெரிஞ்சிருக்கு?"

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, திங்கட்கிழமை சொன்னால் போதும் என்றார். பஸ் ஏறி, இறங்கி, கரையில் நடந்து வீடு வந்து சேர்ந்தபோதும் சண்டை தீரவில்லை. இரண்டு கட்சி ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இல்லாத தெருவுக்குப் பேர் வைக்க யாரும் இவ்வளவு சண்டை போட மாட்டார்கள்.