பல்லின் மேல் போட்ட பழி

குண்டூசியம்மா என்றுதான் தெருவே அவளைக் கூப்பிட்டது. தையல் கடையில் பாதி நேரம் அவள் உதடுகளுக்கிடையே குண்டூசிகள் இருக்கும். நூலை அறுக்கக் கத்தரியைத் தேட மாட்டாள், பல்லால்தான் கடிப்பாள். வாயில் ஊசிகளை வைத்துக்கொண்டே வாடிக்கையாளரின் இடுப்பு பெருத்ததைக் கேலி செய்யவும் தெரியும். வாய்த்துடுக்கு அப்படி. கணவர் அதே கடையில் துணி வெட்டுகிறவர். பேச்சையும் டேப் வைத்து அளந்து கொடுக்கிற ஆள்.

அறுபதைத் தாண்டிச் சில வருஷங்களில் அவளுக்குத் தாடை வலிக்க ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் முதல் நாலு வாய் சுகமாக இறங்கும். பிறகு இடது தாடை கனத்து, வலி நெற்றிப்பொட்டுவரை ஏறும். மெல்லுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

"காலம் பூரா நூலைக் கடிச்சா, பல்லு என்ன இரும்பா?" என்றார் கணவர்.

அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. பல் மருத்துவர் கடைவாயில் பழைய சொத்தை ஒன்றைக் கண்டுபிடித்துப் பல்லைப் பிடுங்கினார். வலி போய்விட்டது. கணவர் ஜெயித்த முகத்தோடு கடைக்கு வந்தார். புண் ஆறும்வரை அவள் கஞ்சிதான் குடித்தாள், எதையும் மெல்லவேயில்லை என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

புண் ஆறி ரொட்டி தின்ற அன்றே வலி திரும்பியது.

"பக்கத்துப் பல்லா இருக்கும்" என்றார் கணவர்.

அந்தப் பல்லும் போனது. மறுபடி கஞ்சி, மறுபடி சுகம். இதற்கிடையில், தலைவாரும்போது சீப்பு பட்டாலே நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்றாள். "அங்கயும் ஒரு பல்லு முளைச்சிருக்கா பாருங்க" என்று அவளே சிரித்தாள். ஒருநாள் இடது கண்ணில் திரை விழுந்தது போல இருட்டி, சற்று நேரத்தில் தெளிந்தது.

"கஞ்சியக் குடிச்சா தெம்பு எங்கேருந்து வரும்? அதான்" என்றார் கணவர். அளந்து பேசுகிற மனிதர், அளந்த மூன்றும் தப்பு. அதை நினைத்தால் இன்றும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒரு காலையில் சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் லைட்டு போயிடுச்சா?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் அவள் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பல்லைக் கடிங்கம்மா" என்று சொல்லி, கணவரின் விரல்களை எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் ஒரு தசை புடைத்து எழுந்தது.

"இங்க விசிறி மாதிரி விரிஞ்சிருக்கிற தசை இது. கீழ்த்தாடையைத் தூக்குறதுல இதுக்கும் பங்கு உண்டு. இதுக்கு ரத்தம் கொண்டுவர்ற குழாய் வீங்கி அடைச்சிருக்கு. மெல்லும்போது ரத்தம் பத்தாம தசைதான் வலிச்சிருக்கு. இப்ப அதே வீக்கம் கண்ணுக்குப் போற குழாய்லயும் வந்திருச்சு."

"அப்ப பல்லு?"

"பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார். "போன கண்ணு திரும்பாது. இன்னொண்ணைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார்.

மருந்து ஏற்றத் தொடங்கியும் அந்த வாரத்திலேயே வலது கண்ணும் போயிற்று. தாடை வலியோ அடியோடு விட்டுவிட்டது. இப்போது அவள் எதை வேண்டுமானாலும் மெல்லுவாள்.

வீட்டில் சும்மா உட்கார மாட்டேன் என்று கடைக்கு வருகிறாள். அவர் நூல் கோத்துக் கொடுக்க, தடவித் தடவிப் பொத்தான் தைக்கிறாள். முதல் நாள் ஒரு பொத்தான் முடிந்ததும் அவர் கத்தரியை எடுத்து அவள் கையில் வைத்தார். அதைத் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த பல்லால் நூலைக் கடித்தாள்.

"பாருங்க, கொஞ்சங்கூட வலிக்கல" என்றாள், யாரும் இல்லாத பக்கம் திரும்பி.

அவர் சத்தமில்லாமல் நடந்துபோய் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டார்.