பெயர் வெட்டிய தூக்குவாளி

“...வெறும் வாளியாட்டு கொண்டுபோய் அவளுக்க கேட்டுல தொங்கவிட்டுட்டு நீங்க வண்டியத் திருப்பிருவிய. அவ வந்து பாப்பா. செரி, இவ எல்லாத்தையும் முடிச்சிட்டாண்ணு எடுத்து உள்ள வைப்பா. அதோட தீந்துது,” என்றாள் என் மனைவி.

அடுக்களையில் முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவளுடைய அக்காவின் எவர்சில்வர் தூக்குவாளி. மூடியில் அக்கா, அத்தான் இருவர் பெயரின் முதலெழுத்துகளும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தன. நான் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. வீடு ஒதுக்குகிறோம், அடுத்தவர் பாத்திரம் நம் பரணில் எதற்கு, சாயங்காலம் அந்தப் பக்கம் போகிறேன், கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில் அது. அதன் கனம் தெரிய வேண்டுமென்றால் நாங்கள் வீடு ஒதுக்கிய கதையைச் சொல்லவேண்டும்.

நான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். இப்போது தக்கலையிலிருந்து குளச்சல் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், எது வந்தாலும் பார்ப்பேன். வேனல் காலத்தில் நிமிர நேரமிருக்காது. மழைக்காலத்தில் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது மழைக்காலம்தான். ஒருநாள் ஒரு அம்மா பழைய டேபிள் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். “இத நீங்க சாவ விடப்பிடாது கேட்டியளா, எனக்க பிள்ளைய எல்லாம் இந்தக் காத்துல ஒறங்கி வளந்ததாக்கும்” என்றார். இப்படி ஒரு பேச்சு கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கும் எனக்கு.

வருமானம் குறைந்தது, வீட்டில் ஏதும் மாறவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சிக்கனமாக இருக்கவேண்டும் என்று நான் ஊருக்கு வந்த புதிதில் ஒரு பிரசங்கமே செய்தேன். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க அங்க சம்பாதிச்ச காலத்திலயும் நான் இப்படித்தான் இருந்தேன். பாக்க நீங்க இல்ல, அதுதான்” என்றாள். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய சாமானைக் கையில் எடுத்தால் உடனே எறியமாட்டாள். திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், இதற்கு இன்னும் ஏதாவது வேலை தெரியுமா என்று பார்க்கிறேன் என்பாள். கம்பி முறிந்த குடையின் துணி அவள் கையில் மீன் வாங்கப் போகும் பையாகும். நான் கொண்டுவந்த கம்பளிகளின் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் அரிசி இருக்கிறது, வண்டு எட்டிப்பார்ப்பதில்லை. என் கைலிக்கு என்னைவிட ஆயுள் அதிகம். அது தலையணை உறையாகி, தரை துடைக்கும் துணியாகி, கடைசியில் என் கடையில் கிரீஸ் துடைக்க வரும்போது எனக்கே அடையாளம் தெரியாது. ஒரு வேலையும் தெரியாத சாமான் என்று அவள் முடிவுசெய்துவிட்டால் அதற்குப்பிறகு ஒரு நிமிஷம் வீட்டில் இருக்காது. அதிலும் கறார்தான்.

இந்த முறை மழையில் அடுக்களைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது. கொத்தனார் வந்து பார்த்தார். பரண் காலியாகாமல் பூச்சு வேலை நடக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் ஒதுக்கத் தொடங்கினோம். அட்டைப் பெட்டிகள், மூடி தொலைந்த பாட்டில்கள், காது போன குக்கர் எல்லாம் ஒரே நாளில் இறங்கின. அவற்றின் அடியில் இருந்தவைதான் நாள் பிடித்தன. அடுத்த வீட்டுப் பாத்திரங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. நாலு வாழைப்பழமாவது, ஒரு பிடி வற்றலாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். போட ஒன்றும் இல்லாத நாளில் பாத்திரம் கழுவிக் கமிழ்த்தப்படும். நாளைக்குக் கொடுக்கலாம் என்று தள்ளும். அப்படித் தள்ளியவை எங்கள் பரணில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்ததால் எது எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடிந்தது. குளச்சலில் என் கூட்டாளி வீட்டிலிருந்து பெருநாளுக்கு பிரியாணி வந்த டப்பாகூட அதில் இருந்தது. அதில் மட்டி வாழைப்பழம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன், டப்பா காணாமல்போன வருத்தத்தில் அவன் வீட்டில் புது டப்பா வாங்கியாயிற்று என்று சொல்லி, அந்தப் புது டப்பாவில் அரிசிப் பத்திரியும் இறைச்சியும் வைத்து அனுப்பினான்.

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். காலையில் ஒரு கிண்ணம் போனால் மறுநாள் ஒரு சம்படம் வந்து ஏறியது. இது ஒதுக்குவதா வளர்ப்பதா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. “பாத்திரம் போயிட்டும் வந்துட்டும் இருந்தாத்தான் அது வீடு. இல்லேண்ணா லாட்ஜாக்கும்” என்றாள்.

எல்லாம் போனபின் மிஞ்சியது அக்காவின் தூக்குவாளி.

அக்கா வீடு தூரமில்லை. ரோட்டில் ஏறி, குளத்துக்கரை தாண்டினால் வந்துவிடும். ஆனால் சில வருஷங்களாக அக்காவும் தங்கையும் பேச்சில்லை. காரணம் எங்கள் முன்னறை ஜன்னலில் தொங்குகிற ஒரு திரை.

அந்தத் திரை முதலில் ஒரு சேலையாக இருந்தது. எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அக்கா எடுத்துக் கொடுத்தது. மயில்கழுத்து நிறம், சிவப்புக் கரை. என் மனைவி அதை உடுத்திப் போகாத கல்யாணம் கிடையாது. மடிப்பு விழுந்த இடத்தில் இழை விட்டபோது பின்னால் துணி கொடுத்துத் தைத்தாள். முந்தி நைந்தபோது அந்தப் பக்கத்தை உள்ளே விட்டு, தலைகீழாக உடுத்தினாள். கடைசியில் ஊசி குத்தினால் துணி ஊசியோடு வருகிற நிலைமை. அதற்குப்பிறகுதான் கத்திரிக்கோலை எடுத்தாள். உறுதியாக இருந்த பாகத்தைத் திரையாகத் தைத்தாள். அடுக்களை ஜன்னலுக்குப் போட்டிருக்கலாம். அக்கா தந்தது உள்ளே எதற்குக் கிடக்கவேண்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முன்னறையில் போட்டாள். காலை வெயில் விழுந்தால் அறை முழுக்க நீலமாகும். அவளைப் பொறுத்தவரை ஒரு துணிக்கு அதற்குமேல் மரியாதை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். புகுந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூடவே வந்திருந்தார்கள். தூக்குவாளியில் அவியல் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, பெருமையோடு திரையைக் காட்டி, உன் சேலையைப் பார்த்தாயா என்று கேட்டாள். அக்கா பார்த்தாள். கூட வந்தவர்களும் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏட்டி, நான் தந்தத நீ கீறி சன்னலுக்குப் போட்டாச்சா?” என்றாள் அக்கா.

“கீறல்லக்கா. அதுவாட்டு கீறும் வர உடுத்தேன்.”

“கீறினா கொளுத்தணும். இல்லேண்ணா ஆருக்காவது குடுக்கணும். இப்படி வாசல்ல கொடியேத்தி எனக்க மானத்த வாங்கப்பிடாது.”

என் மனைவி அதோடு விட்டிருக்கலாம். “உன்னைப்போல அலமாரியில மடக்கி வச்சு பூச்சிக்குத் தின்னக் குடுக்கல்ல நான்” என்றாள். அக்கா காப்பி குடிக்காமல் இறங்கிப் போனாள். வாளி மேசைமேலேயே இருந்தது. மத்தியானம் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சண்டை வேறு, அவியல் வேறு என்று சொல்லி என் இலையில் அள்ளி வைத்தாள்.

யார் பக்கம் நியாயம் என்று நான் கடையில் சும்மா இருக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். கொடுக்கிறவர் மனதில் அந்தப் பொருள் கொடுத்த நாளில் இருந்தமாதிரியே இருக்கிறது. மடிப்பு கலையாமல், புது மணத்தோடு. வாங்கியவர் அதோடு வாழ்கிறார். அது நைவதும் கிழிவதும் அவர் கண்முன்னால் நடக்கிறது. அக்கா பார்த்தது கிழிந்த துணியை. தங்கை காட்டியது தான் விடாமல் வைத்திருந்ததை. இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஜன்னலைத்தான். திரையைக் கழற்றிவிடலாமே என்று ஒருமுறை சொன்னேன். கழற்றினால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும் என்றாள். சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன்பிறகு கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வார்கள். “எதுத்த பந்தியில இருந்தாலும் அவ எலையத்தான் பாப்பா” என்று என் மனைவி சொல்வாள். இவளும் இலையைத்தான் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தானே.

வாளியைப் பரணில் இருந்து இறக்கிய அன்று காலையில் கடியப்பட்டணத்திலிருந்து வருகிற மீன்காரம்மா வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத்தான் எப்போதும் வருவார். பேச்சு முறிந்தபிறகு ஒரு வீட்டுச் செய்தியை மறு வீட்டில் சொன்னதில்லை. அந்த மட்டுக்கு நாகரிகம் தெரிந்தவர். அன்றைக்கு மட்டும் சாளையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

“அங்க இப்பம் ஒத்த ஆளுக்காக்கும் மீனு வாங்குதாவ, மக்களே. நாலஞ்சு சாள போதும்ணு சொல்லுதாவ. மவனும் மருமவளும் வெளிய போயாச்சுல்லா.”

அத்தான் இறந்தது எங்களுக்குத் தெரியும். சடங்குக்குப் போய் நின்றுவிட்டு வந்தோம். அங்கேயும் பேச்சில்லை. மகன் குடும்பத்தோடு கல்ஃபுக்குப் போன செய்தி எங்கள் காதுக்கு வந்திருக்கவில்லை. என் மனைவி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மீனை நறுக்க எடுக்கவில்லை. முக்காலியைப் போட்டு ஏறி, பரணின் மூலைக்குக் கையை நீட்டி வாளியை எடுத்தாள். நான் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னதும், அவள் கேட்டில் தொங்கவிடுவதைப் பற்றிச் சொன்னதும் அப்போதுதான்.

அவளுடைய பயம் எனக்குப் புரிந்தது. வீடு ஒதுக்கும்போது வெறும் வாளியாகத் திருப்பி அனுப்பினால், உன்னையும் சேர்த்து ஒதுக்கிவிட்டேன் என்று அக்கா எடுத்துக்கொள்வாள். அப்புறம் இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது.

“அப்பிடீண்ணா நெறச்சுக் குடு. தீயல் வை. அவளுக்குப் பிடிக்கும்லா?” என்றேன்.

முக்காலியிலிருந்து இறங்கினாள். வாளியை மடியில் வைத்துக்கொண்டு அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தாள். மூடியில் வெட்டியிருந்த எழுத்துகளில் அழுக்கு ஏறியிருந்தது. முந்தி நுனியால் அதைத் துடைத்தாள்.

“நெறச்சுக் குடுத்தாலும் அதுதான். அவ பாத்திரம் அவகிட்ட போயிரும். முறையும் தீந்துரும். எனக்க கையில அவளுக்கது ஒண்ணும் இருக்காது, அவ கையில எனக்கதும் ஒண்ணும் இருக்காது. பின்னே அவ எதுக்காக்கும் இந்த வாசலுக்கு வரணும்?”

ரிப்பேர்க்காரன் நான். ஒரு சாமான் ஓடவில்லை என்றால் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது தேங்காய் வறுத்த மணம் முற்றத்துக்கே வந்தது. மண்ணில் புரட்டிப் பத்திரப்படுத்தியிருந்த பலாச்சக்கைக் கொட்டையை எடுத்து, தோலைச் சுரண்டி, நீளநீளமாக நறுக்கித் தீயல் வைத்திருந்தாள். அடுக்களைக்குள் போனேன். அக்காவின் தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நாங்கள் தினமும் எடுத்துப் புழங்குகிற பாத்திரங்களின் வரிசையில் கமிழ்த்தியிருந்தாள்.

மேடைமேல் வேறொரு தூக்குவாளி திறந்திருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. மூடியில் அவள் பெயரின் எழுத்தும் என் பெயரின் எழுத்தும். தீயலை அதில் கழுத்துவரை ஊற்றினாள். மூடியை இறுக்கி, வெளியே வழிந்ததைத் துடைத்தாள். நான் வண்டிச் சாவியை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, தன் பெயர் வெட்டிய வாளியைத் தூக்கிக்கொண்டு, குளத்துக்கரைப் பக்கமாக நடந்தாள்.